டீக்கடை இல்லாத ஏர்போர்ட்!

ஓ.எம்.எம். - இது எஸ்.எம்.எஸ். சுருக்கம் இல்லீங்க. ஒரு ஏர்போர்ட்டோட பேரு! சென்னைக்கு எம்.ஏ.ஏ., மதுரைக்கு ஐ.எக்ஸ்.எம். மாதிரி, ஓமன் நாட்டின் தெற்குப் பாலைவனத்தில் இருக்கும் மார்முல் விமான நிலையத்துக்கு இதுதான் மூணெழுத்து. ஆனா, நீங்களும் நானும் பாக்கெட் மணி சேர்த்து, 'மார்முலுக்கு ஒரு டிக்கெட்'னு கேட்டால் கிடைக்காது. அங்கே சுத்திப் பார்க்க ஒண்ணும் கிடையாது. பூமிக்கு அடியில் எண்ணெய் இருக்கிறது. அதை எடுக்க ஆள் வேணும். ஆளைக் கொண்டு வந்து இறக்க ஒரு ரன்வே வேணும். அவ்வளவுதான் மேட்டர்!

இந்த ஓ.எம்.எம். சீட்டு ஒட்டின சூட்கேஸ் ஒண்ணு எங்க வீட்டுப் பரணில் இருக்கு. எங்க ஊர் கான்சாபுரம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்பு பக்கம் போகணும். கூமாபட்டிக்குப் பக்கத்து ஊர்னு சொன்னா சட்டுனு புரியும். (2025-ல ரீல்ஸ் புண்ணியத்துல கூமாபட்டி உலக ஃபேமஸ் ஆனப்போ, பக்கத்து ஊர்க்காரங்க நாங்க வயிறு எரிஞ்சது தனி எபிசோட்!) மேற்கே மலை, பிளவக்கல் அணைத் தண்ணி, கண்ணுக்கு எட்டின வரை தென்னை. இங்கேயிருந்து கிளம்பி மார்முலில் போய் இறங்குகிறவர் என் சித்தப்பா. பதினாலு வருஷமா இதே ரூட். அங்கே ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன். நான் படிக்கிறதும் அதே இன்ஸ்ட்ருமென்டேஷன்தான், இன்ஜினீயரிங் மூணாவது வருஷம். 'நாலுலேர்ந்து இருபது மில்லி ஆம்பியர் சிக்னல்'னு நாங்க செமஸ்டருக்கு முதல் நாள் ராத்திரி மனப்பாடம் பண்றதை, அவர் அம்பது டிகிரி வெயில்ல நின்னு சரி பார்க்கிறார்.

இந்தத் தடவை பொங்கல் முடிஞ்சு அவரை வழியனுப்ப திருவனந்தபுரம் வரைக்கும் நானும் போனேன். ராஜபாளையம், வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை... அப்புறம் ஆரியங்காவு கணவாய் ஏறி இறங்கினால் கேரளா. கார் கிளம்பினதிலிருந்து சித்தப்பா ரெண்டு மூட்டையைப் பத்தியே பேசிக்கிட்டு வந்தார். ஒண்ணு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. இன்னொண்ணு, சித்தி இடிச்ச இட்லிப் பொடி. ''மஸ்கட் வரைக்கும் பிரச்னை இல்ல பாப்பா. அங்கேர்ந்து உள்ளே போற ஃப்ளைட்ல கிலோ கணக்கு கறாரு. பால்கோவாவா, ஜட்டி பனியனானு வந்தா, நான் பால்கோவா பக்கம்!''

ஏர்போர்ட் வாசல்ல துப்பாக்கியோட நிக்கிற காவலர் டிக்கெட் கேட்பார் இல்லையா... அதோட என் பயணம் முடிஞ்சது. அதுக்கு அப்புறம் மார்முல் வரைக்கும் நான் போனது, சித்தப்பா அனுப்பின வாய்ஸ் மெசேஜ்ல. அந்த ரெண்டு நாள்ல மொத்தம் பத்தொன்பது மெசேஜ். ஏற்கெனவே அவர் லீவுல வந்தப்போ எல்லாம் நான் துருவித் துருவிக் கேட்டதையும் சேர்த்தால், கண்ணை மூடினா அந்த ஏர்போர்ட் எனக்குத் தெரியுது!

முதல் மெசேஜ் மஸ்கட்டிலிருந்து. 2018 மார்ச்சில் திறந்த புது டெர்மினல். 'கண்ணாடி மாதிரி தரை, வழுக்கி விழுந்தா நம்ம மூஞ்சிதான் தெரியும்'. அடுத்தது ரூவியிலிருந்து. மஸ்கட்ல நம்ம ஆளுங்க, மலையாளிங்க, வங்காளிங்க நிறைய இருக்கிற ஏரியா அது. ராத்திரி தங்கல், காலையில இட்லி சாம்பார். ''நல்லா சாப்பிட்டுக்கணும். ரூவியைத் தாண்டிட்டா மெஸ் சாப்பாடுதான்'' என்றார்.

அடுத்த நாள்தான் மெயின் பிக்சர். மஸ்கட்டிலிருந்து ஓமனின் எண்ணெய் வயல்களுக்குப் போக மூணு முக்கியமான ஏர்போர்ட் - ஃபஹூத், கர்ன் ஆலம், மார்முல். இந்த வயல்களை நடத்துவது பெட்ரோலியம் டெவலப்மென்ட் ஓமன், சுருக்கமா பி.டி.ஓ. இதில் மார்முல்தான் ரொம்பத் தூரம். மஸ்கட்டிலிருந்து நேர்க்கோட்டில் கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர். அதாவது சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போற மாதிரி. நடுவில் விழுப்புரமும் இல்லை, திருச்சியும் இல்லை!

பாலைவனம்னா மணல்மேடு, ஒட்டகம், சூரிய அஸ்தமனம்னு காலண்டர் படமா நினைச்சிருந்தேன். ''அதெல்லாம் வேற பக்கம். இங்க நம்ம ஊர்க் கண்மாய் வத்தினா எப்படி இருக்கும்? அந்த மாதிரி... ஆனா கரையே இல்லாத கண்மாய்'' என்றார் சித்தப்பா. ஜன்னல் வழியா தெரிகிறது சரளைக் கல் பரப்பு. ஜிதத் அல் ஹராசீஸ் என்று பேர். விண்கற்கள் அதிகமாகக் கிடைக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. வெளிறின தரையில் கறுப்புக் கல் கிடந்தா தனியாத் தெரியும் இல்லையா, அதான் காரணம். அரேபிய ஓரிக்ஸ் என்ற வெள்ளை மான் காட்டில் அடியோடு அழிந்துபோன பிறகு, 1982-ல் திரும்பக் கொண்டுவந்து விட்டதும் இங்கேதான். அந்தச் சரணாலயம் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருந்தது. எண்ணிக்கை சரிந்தது, வேட்டை நடந்தது, எண்ணெய் தேடுவதற்காகச் சரணாலயத்தின் பரப்பை 90 சதவீதம் குறைத்தார்கள்... 2007-ல் யுனெஸ்கோ பட்டியலிலிருந்தே தூக்கிவிட்டது. உலகத்திலேயே அப்படித் தூக்கப்பட்ட முதல் இடம் அதுதான். ரன்வே மட்டும் பத்திரமா இருக்கு.

சரி, இங்கே எப்படி ஏர்போர்ட் வந்தது? சின்ன பிளாஷ்பேக். 1954-ல் புவியியல் நிபுணர்கள் ஃபஹூத்துக்குப் போக, அரபிக்கடல் கரையில் துக்ம் என்ற இடத்தில் கப்பலிலிருந்து இறங்கி, லாரியில் பாலைவனத்தைக் கடந்தார்கள். பிப்ரவரியில் இறங்கியவர்கள் ஃபஹூத்தைத் தொட்டது அக்டோபரில்! அடுத்த வருஷம் டிசம்பரில் அப்போதைய சுல்தான் சையத் பின் தைமூரே சலாலாவிலிருந்து கார், லாரி பட்டாளத்தோடு பாலைவனம் கடந்து வந்து, ஃபஹூத்தில் கிணறு தோண்டும் இடத்தைப் பார்த்தார். அந்தக் கிணறு 1957-ல் 'எண்ணெய் இல்லை' என்று கைவிடப்பட்டது. பங்குதாரர்களில் பெரும்பாலானவர்கள் 1960-ல் கழன்றுகொண்டார்கள். கடைசியில், 1964-ல் எண்ணெய் கிடைத்ததே... எங்கே தெரியுமா? அந்தத் தோத்துப்போன கிணற்றிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளி! (அரியர் பேப்பர் வெச்சிருக்கிற நண்பர்கள் கவனிக்க.) 1967 ஜூலையில் முதல் கப்பல் எண்ணெயோடு கிளம்பியது. எட்டு மாசம் லாரியில் போன தூரத்துக்கு ரன்வே போட்டதும்தான் மத்ததெல்லாம் சுலபமானது.

மார்முல் கதை இன்னும் பேஜார். அங்கே எண்ணெய் இருப்பது அம்பதுகளிலேயே தெரியும். ஆனா அது கெட்டி எண்ணெய், கருப்பட்டிப் பாகு மாதிரி. உற்பத்தி ஆரம்பிக்கவே 1980 ஆச்சு. அதுலயும் ஒரு சிக்கல். எண்ணெயைத் தள்ளிக் கொண்டுவர உள்ளே தண்ணீரைச் செலுத்தினா, தண்ணி 'எனக்கென்ன'னு பாகை விட்டுட்டுப் பக்கவாட்டுல ஓடிடும். அதனால 2010-லிருந்து பாலிமர் கலந்து தண்ணியையே கஞ்சி மாதிரி கெட்டியாக்கி உள்ளே அனுப்புகிறார்கள். கெட்டியானதைத் தள்ள கெட்டியானதுதான் வேணும். எங்க லெக்சரர் ரெண்டு பீரியட் எடுத்து விளக்கின 'விஸ்காசிட்டி'யை சித்தப்பா டம்ளரும் பாகும் வெச்சு அஞ்சு நிமிஷத்துல முடிச்சுட்டார்.

விமானம் இறங்கினதும் முதல்ல தெரியுறது காத்துப் பை. ஆரஞ்சு கலர்ல கம்பத்துல ஆடுமே, அது. ஏர்போர்ட்ல அது பைலட்டுக்கு. ஆனா எண்ணெய் வயல் முழுக்க அதே பை கம்பங்கள்ல இருக்கும். அது தொழிலாளிக்கு. ஏன்னா, ஹைட்ரஜன் சல்பைடுனு ஒரு வாயு சில கிணறுகளில் எண்ணெயோடு சேர்ந்து வரும். கொஞ்சமா இருந்தா அழுகின முட்டை வாடை. அளவு கூடினா மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது, ஆள் காலி! சைரன் அடிச்சா முதல்ல பையைப் பார்க்கணும். காத்து எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம் ஓடக் கூடாது. குறுக்கே விலகி, காத்து வர்ற பக்கமாப் போகணும். ''லீவு முடிஞ்சு வந்து இறங்கினதும் கண்ணு தானாப் பையைத் தேடும் பாப்பா. நம்ம வீட்டுத் தோப்புலகூட நான் தென்னை ஓலை எந்தப் பக்கம் சாயுதுனு பார்த்துக்கிட்டுதான் நிப்பேன்.''

டெர்மினல்? நம்ம ஊர் டவுன் பஸ் ஸ்டாண்டைவிடச் சின்னதாம். வரிசையா நாற்காலி, ஏ.சி., குடிதண்ணி, அரபியிலும் ஆங்கிலத்திலும் நோட்டீஸ். கடை கிடையாது. டீக்கடை கிடையாது. வழியனுப்ப வந்தவங்க கிடையாது. எனக்கு அதுதான் ஆச்சரியமா இருந்தது. திருவனந்தபுரத்துல ஒரு ஆளுக்கு ஏழு பேர் அழுதுக்கிட்டு நின்னாங்க. இங்கே வர்றவனும் வேலைக்கு, போறவனும் வேலையிலிருந்து. யாரும் யாரையும் கட்டிப்பிடிக்காத ஏர்போர்ட்!

ஆனா, யார் யார் எப்படிப் போறாங்கங்கிறதுல ஒரு விஷயம் இருக்கு. வயலின் சொந்த ஊழியர்கள் பலருக்கு ரெண்டு வாரம் வேலை, ரெண்டு வாரம் வீடு மாதிரி சுழற்சி. அவங்களுக்கு இந்த ஃப்ளைட், நமக்கு டவுன் பஸ் மாதிரி. கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அப்படியில்லை. சித்தப்பாவோட முதல் ஒப்பந்தத்துல ரெண்டு வருஷத்துக்கு ஒரு லீவு. அதுவும் ஏர்போர்ட் பக்கமே வராம, மஸ்கட்டிலிருந்து பஸ். பத்து மணி நேரத்துக்கு மேல. பாலைவன ரோட்ல தூக்கம்தான் எமன். அதனால பி.டி.ஓ. வழியில் ஏகப்பட்ட கெடுபிடி. எந்த ரூட், எங்கே நிக்கணும், டிரைவர் எவ்வளவு நேரம் ஓட்டினார்னு முன்கூட்டியே எழுதி ஒப்புதல் வாங்கணும். சீட் பெல்ட் போடாட்டி வண்டி நகராது. ''அந்த ரோட்டுல போற ஒவ்வொரு ஆளையும் குறைக்கத்தான் ஃப்ளைட்டுனு எங்க சூப்பர்வைசர் சொல்வாரு. அப்ப எங்கள ஏன்டா பஸ்ஸுல அனுப்புறீங்கனு கேக்கணும்போல இருக்கும். கேக்கல'' என்றார் சித்தப்பா. நாலு வருஷம் கழிச்சு வேற கம்பெனிக்கு மாறினப்புறம்தான் ஃப்ளைட் சீட். இப்போ வருஷத்துக்கு ஒரு லீவு.

ஃப்ளைட் இருந்தும் பிரயோஜனம் இல்லாத நாள் ஒண்ணு வந்தது. 2017 ஜூன். எங்க தாத்தா, அதாவது சித்தப்பாவோட அப்பா, விடியக்காலையில இறந்துட்டார். எனக்கு அப்ப விவரம் தெரிஞ்ச சின்ன வயசு. கம்பெனி மறுபேச்சு பேசாம லீவு கொடுத்தது. சீட்டும் கிடைச்சது. சித்தப்பா பையோட ஏர்போர்ட்ல வந்து உட்கார்ந்துட்டார். ஆனா, காத்து! ஜூன்ல அடிக்கிறது அதே தென்மேற்குப் பருவக்காத்துதான். சலாலா மலையில மோதி அங்கே சாரலும் பச்சையுமா மாத்திட்டு, மலைக்கு இந்தப் பக்கம் வெறும் தூசியா வரும். குற்றாலத்துல சாரல், எங்க ஊர்ல வெறும் காத்துனு இருக்குமே, அதே கணக்கு. மஸ்கட்டிலிருந்து வந்த விமானம் தூசியில ரன்வே தெரியாம மேலே சுத்திட்டுத் திரும்பிப் போச்சு. சத்தம் மட்டும் கேட்டதாம். அந்த ஹால்ல இருந்த யாருக்கும் என்ன பேசுறதுன்னு தெரியல. பக்கத்துல இருந்த ஓமானிக்காரர் ஒருத்தர் பேரீச்சம்பழ டப்பாவைத் திறந்து முன்னால வெச்சிருக்கார்.

இங்கே எங்க வீட்டு வாசல்ல ஐஸ் பெட்டி. 'சின்னவன் வர்ற வரைக்கும் வெக்கலாம்'னு அப்பா. 'எவ்வளவு நேரம்?'னு பெரியவங்க. போன் மேல போன். அப்புறம் சித்தப்பாவே சொல்லிட்டார்: ''எடுத்துருங்கண்ணே. நான் எப்ப வருவேன்னு எனக்கே தெரியல.'' மறுநாள் ஒரு சரக்கு வண்டியில ஏறி, தும்ரைத் வந்து, சலாலாவுல விமானம் பிடிச்சு, மஸ்கட், திருவனந்தபுரம்... மூணாம் நாள் சாயங்காலம் வீட்டுக்குள்ள வந்தவர், நேரா தாத்தாவோட கட்டில்ல போய் உட்கார்ந்தார். இதுல யார் மேலயும் தப்பு சொல்ல முடியாது. அதுதான் கொடுமையே.

கொஞ்சம் இன்ஜினீயரிங்கும் சொல்லிடறேன், இல்லாட்டி எங்க எச்.ஓ.டி. கோவிச்சுக்குவார். பாலைவன ரன்வேக்கு தூசி மட்டும் வில்லன் இல்லை, வெயிலும்தான். 15 டிகிரியில ஒரு கன மீட்டர் காத்தோட எடை 1.225 கிலோ. 48 டிகிரியில கணக்குப் போட்டுப் பாருங்க, 1.10 கிலோதான் வரும். அதாவது பத்து சதவீதம் காத்தே காணோம்! இறக்கைக்குப் பிடிமானம் குறையும், என்ஜினுக்கும் மூச்சு வாங்கும். ஒண்ணு, ரன்வேல இன்னும் நீளமா ஓடணும். இல்லாட்டி சுமையைக் குறைக்கணும். பால்கோவா மூட்டைக்குக் கிலோ கணக்கு கறாரா இருக்கிறதுக்குப் பின்னாடி ஒரு ஃபிசிக்ஸும் இருக்கலாம்னு நான் சொன்னப்போ, சித்தப்பா ''அப்ப மார்கழியில கூட அஞ்சு கிலோ விடச் சொல்லு'' என்றார். பதில் சொல்ல முடியல!

மார்முல் மாதிரி இன்னும் இருக்கு. அல்ஜீரியாவில் சஹாராவுக்கு நடுவே ஹாஸி மெசாவுத், சவுதியில் ரப் அல் காலி மணல் மலைகளுக்கு இடையே ஷைபா, ஆஸ்திரேலியாவில் மூம்பா. எல்லாமே எண்ணெய், வாயுக்காகப் பிறந்த ஏர்போர்ட்கள். நம்ம நாட்டுப் பாலைவனம் மட்டும் வேற மாதிரி. ராஜஸ்தான் பார்மரில் 2004 ஜனவரியில் மங்களா வயலைக் கண்டுபிடிச்சு, 2009 ஆகஸ்ட் 29-ல் உற்பத்தி தொடங்கியது. அதுவும் கெட்டிப் பார்ட்டிதான், மெழுகு எண்ணெய். ஆறவிட்டா உறைஞ்சுடும்னு, குழாயையே வழி நெடுகச் சூடாக்கி குஜராத் கடற்கரை வரைக்கும் கொண்டு போறாங்க. ஆனா அங்கே பக்கத்துல இருக்கிற உத்தர்லாய், விமானப்படைத் தளம். ஜோத்பூரிலிருந்து ரயில்லயோ ரோட்லயோ 200 கிலோமீட்டர் போகணும். வழியில் டீக்கடை இருக்கும். அப்பா செத்துட்டாருன்னா ரயில் ஏறிடலாம்.

இதை நான் சித்தப்பாகிட்ட சொன்னதுக்குக் காரணம் இருக்கு. ஆரியங்காவு இறக்கத்துல கார் போய்க்கிட்டிருந்தப்போ அவர் கேட்ட கேள்வி. ''படிப்பு முடிஞ்சதும் இங்க வர்றியா பாப்பா? நான் டிப்ளமோ, பஸ்ஸுல போனேன். நீ இன்ஜினீயர். நேரா ஃப்ளைட்ல இறங்கலாம்.''

''பொண்ணுங்க வர்றாங்களா சித்தப்பா?''

''ஏன் வராம? ஓமானிப் பொண்ணுங்க ஹெல்மெட் மாட்டிக்கிட்டு ஃபீல்டுக்கு வர்றாங்க. என் ட்ரான்ஸ்மிட்டர்ல தப்பு கண்டுபிடிச்சு என்னையே திட்டுறாங்க!''

முன் சீட்டுல இருந்த சித்தி திரும்பிக்கூடப் பார்க்கல. ''அவ இங்கயே இருக்கட்டும். ஒரு வீட்டுக்கு ஒரு ஆள் போதும்'' என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். புனலூர் வரைக்கும் யாரும் பேசல. நான் இன்னும் ரெண்டு பேருக்கும் பதில் சொல்லலை. சம்பளக் கணக்கு போட்டா சித்தப்பா பக்கம் சாயுது. ஐஸ் பெட்டி ஞாபகம் வந்தா சித்தி பக்கம்.

நான் முடிவு பண்ற வரைக்கும் அந்த சீட்டு காலியா இருக்குமாங்கிறதும் கேள்வி. ஓமனில் 1988-லிருந்தே வேலைகளைப் படிப்படியா சொந்த நாட்டுக்காரங்களுக்குக் கொடுக்கும் கொள்கை இருக்கு. சித்தப்பாகிட்ட இப்போ ஒரு ஓமானிப் பையன் வேலை பழகுகிறான். இருபத்திரண்டு வயசாம். அவன் கத்துக்கிட்டா சித்தப்பாவோட ஒப்பந்தம் அடுத்த தடவை நீளுமானு தெரியாது. ''அப்புறம் ஏன் சித்தப்பா இவ்வளவு நல்லாச் சொல்லித் தர்றீங்க?'' என்று கேட்டேன். ''அவன் ஊரு எண்ணெய். அதுவும் இல்லாம, தப்பா சொல்லிக் கொடுத்துட்டு வந்தா ராத்திரி தூக்கம் வருமா? ஒரு வால்வு மாறினா எத்தனை பேரு!''

பத்தொன்பதாவது மெசேஜ் கேம்ப் ரூமிலிருந்து வந்தது. பால்கோவா பத்திரமா வந்து சேர்ந்துடுச்சு. ஜட்டி பனியன்ல பாதி ரூவியிலேயே நண்பர் ரூம்ல. அந்தப் பையன் ரெண்டு ஸ்பூன் சாப்பிட்டுட்டு, 'இது எந்த மிருகத்தோட பால்?'னு கேட்டானாம்.